ஐரோப்பா கேட்ட ஏழாம் கேள்வி

நாற்பத்திரண்டு பக்கங்களை அச்செடுத்த இணையக் கடைக்காரர், முதல் பக்கத்தைப் பார்த்ததும் தாள்கட்டைக் குப்புறத் திருப்பி, பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் ஆபத்தாக எதுவும் இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ராணுவ ஆட்சியின் அந்த ஆண்டுகளில் யாங்கோனில் ஒருவர் முகம் வெளுக்க அதுவே போதும்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து வெளியான கருத்துக்கேட்பு அறிக்கை அது. ஐரோப்பாவில் சட்டத்தை மாற்றுவதற்கு முன் இப்படி ஓர் அறிக்கை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்று காத்திருப்பார்களாம். சிறு கம்பெனிகள் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்தே தீர வேண்டுமா என்பதுதான் விஷயம். மொத்தம் பத்தொன்பது கேள்விகள்.

அரசுக் கழகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவம் எத்தனை நகல், எது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த முப்பது ஆண்டுகளில் நான் நிரப்பிய படிவங்கள் என் பெயர், அப்பா பெயர், இனம், மதம், பதிவு எண் எல்லாவற்றையும் கேட்டிருக்கின்றன. என்ன நினைக்கிறாய் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை. ஐரோப்பியப் படிவம் அதை மட்டும் கேட்டுவிட்டு அப்பாவை விட்டுவிட்டது. முதலில் அது போலிப் படிவம் என்றே நினைத்தேன்.

அறிக்கை எனக்கு வந்ததல்ல, என் தோழிக்கு வந்தது. அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அப்பா தமிழர், அம்மா பர்மியர். யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவருடைய தணிக்கை அலுவலகம். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வது அங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் அங்கே கூடுவோம். மூன்றாமவர் சயா. பர்மியர் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். லண்டனிலிருந்து தபாலில் வரும் கணக்கியல் தேர்வுக்கு ஊரில் பாதிப் பேரைத் தயார் செய்தவர். எழுபது வயதிலும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கும்.

தோழியின் ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளர் ஐரோப்பாவில் ஒரு சிறு நகரத்துக் கம்பெனி. யாங்கோனுக்கு வெளியே மாவ்பி என்ற ஊரில் பிரம்புக் கூடை பின்ன வைத்து அங்கே விற்கிறார்கள். அவர்களுடைய ஊர்த் தணிக்கையாளர் மாவ்பிக்கு வர முடியாது. அதனால் ஆண்டு முடிவில் தோழி பேருந்து ஏறிப் போய், கொட்டகையில் இருக்கும் கூடைகளை எண்ணி, அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவார். அவருடைய மற்ற வாடிக்கையாளர்கள் உறவுமுறை சொல்லிக் கட்டணத்தை மறப்பவர்கள். அலுவலக வாடகையே இந்தக் கூடைகளால்தான் நடந்தது. சிறு கம்பெனிகளுக்குத் தணிக்கை வேண்டாம் என்று ஐரோப்பா முடிவு செய்தால், ஊர்த் தணிக்கையாளருக்கு வேலை இல்லை. அவருக்கு இல்லையென்றால் மாவ்பி எண்ணிக்கையும் இல்லை. அந்த ஊர்த் தணிக்கையாளரே நல்ல மனதோடு பிரஸ்ஸல்ஸ் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். "உங்களுக்கும் சம்பந்தம் உண்டு, பதில் எழுதுங்கள்" என்று ஒரு வரி.

கேள்விகளுக்கு எண் போட்டிருந்ததும், ஒவ்வொன்றின் கீழும் காரணம் தருக என்று இருந்ததும் சயாவின் கண்ணில் பட்டுவிட்டன. அவர் வேறெதையும் படிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்று மணி நேரம், எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும், பேசக் கூடாது என்றார். ஓய்வு பெற்ற நானும், சொந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த தோழியும் மறுபேச்சில்லாமல் தாளை எடுத்தோம். நான்கு ரயில்கள் போயின. பேனாக்கள் நிற்கவில்லை.

சயா திருத்தினார். எனக்கு அறுபத்து நான்கு, தோழிக்கு ஐம்பத்தெட்டு. ஏழாம் கேள்வியை அவர் எழுதாமலே விட்டிருந்தார். தணிக்கைக் கட்டாயத்தை நீக்கினால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்பதுதான் அந்தக் கேள்வி. என் விடையில் பொதுமக்களின் நம்பிக்கை, நாணயம், தொழில் தர்மம் எல்லாம் இருந்தன. சயா ஓரத்தில் மிக நன்று என்று எழுதியிருந்தார். பாடப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, நன்றாக இருக்காமல் எப்படி?

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நான் அப்போதுதான் படித்தேன். இக்கேள்விகளுக்குச் சரியான விடை என்று முன்முடிவு எதுவும் இல்லை என்று அங்கே எழுதியிருந்தது. அதைச் சயாவுக்குப் பர்மிய மொழியில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடை தெரியாதவன் எதற்குக் கேள்வி கேட்கிறான்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அனுபவத்தில், கேள்வி கேட்டவரெல்லாம் விடையை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

ஐரோப்பாவில் எங்கள் தொழில்காரர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று அந்த வாரம் இணையக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய கருத்துக்கேட்புகளுக்கு வந்த பதில்களைப் பிரசுரித்திருந்தார்கள். நாட்டுக்கு ஒரு கணக்காளர் சங்கம், சங்கங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கூட்டமைப்பு. எல்லாக் கடிதங்களும் கருத்துச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை வரவேற்று ஆரம்பிக்கின்றன. இரண்டாம் பத்தியில் நோக்கத்தைப் பொதுவாக ஆதரிக்கின்றன. மூன்றாம் பத்தியில் 'ஆனால்' வருகிறது. அதன்பின் பன்னிரண்டு பக்கம் 'ஆனால்'தான். தணிக்கையாளரிடம் தணிக்கை வேண்டுமா என்று கேட்பது, ஆற்றுக்கு அக்கரையில் டாலா படகுத் துறையில் ட்ரைஷா மிதிப்பவரிடம் ஊருக்குள் நடந்து போய்விடலாமா என்று கேட்பது மாதிரி. ரொம்பத் தூரம், வெயில் வேறு என்பார். பொய் சொல்லவில்லை, தூரம்தான், வெயிலும்தான். இவ்வளவு தூரத்தில் இருந்தும் என் சாதி சனத்தை அடையாளம் கண்டுகொண்டதில் எனக்குப் பெருமைதான்.

அடுத்த ஞாயிறு தோழியிடம், என் ஏழாம் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஐரோப்பா முழுவதும் அதைத்தான் எழுதுகிறது, மாவ்பியையும் அதுதான் காப்பாற்றும் என்றேன்.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அண்ணே, ஒம்பது வருசமா அறிக்க அனுப்புறேன். ஒரு வருசம் மூணாம் பக்கத்தையே வைக்க மறந்துட்டேன். யாராச்சும் கேட்டாங்களா?"

கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும்.

"அப்ப அவங்களுக்கு வேணாம்தானே? வேணும்னு எப்படி எழுதுறது?"

எழுதாவிட்டால் வாடகை என்னாவது என்றேன். ரயில் வந்தது. பேச்சை நிறுத்தினோம். போனபின் அவர் முதல் ஆண்டுக் கதையைச் சொன்னார். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைப்பது கொட்டகை வழக்கம். மேற்பார்வையாளர் வெளியே தெரிவதை மட்டும் எண்ணி, குறைகிறது என்று சொல்லி, பின்னுகிற பெண்களின் கூலியில் பிடித்துவிடுவாராம். தோழி எண்ணப் போன நாளில், நடைமுறைப்படி எல்லா அடுக்கையும் பிரித்துத் தரையில் பரப்பச் சொன்னார். காணாமல் போன கூடைகள் மற்றக் கூடைகளின் வயிற்றில் பத்திரமாக இருந்தன. அதன் பிறகு எந்த ஆண்டும் கூலியில் பிடிக்கவில்லை.

"ஐரோப்பாவுக்கு என் கையெழுத்தால ஒண்ணும் ஆகல. அந்தப் பொம்பளைங்களுக்குத்தான் ஆச்சு. அத எழுதட்டா?"

சயா இதற்கு மதிப்பெண் கிடையாது என்றார், பாடத்திட்டத்திலேயே இல்லை. நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். தோழி அதைத்தான் எழுதினார். பதினெட்டுக் கேள்விகளுக்குக் கருத்து இல்லை. ஏழாவதற்கு மட்டும், உங்களுக்குத் தேவையில்லை, கூடை பின்னுகிறவர்களுக்குத் தேவை, அவர்களை யாரும் கேட்கவில்லை என்று ஆறே வரி. கருத்துச் சொல்பவருக்கு இதில் சொந்த லாபம் உண்டா என்ற இடத்தில் உண்டு என்று எழுதி, என்ன லாபம் என்பதையும் எழுதினார். நான் படித்த கடிதங்களில் எந்தச் சங்கத்துக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

நாடுகளின் பட்டியலில் எங்கள் நாடு இல்லை, மற்றவை என்று இருந்தது. பெயரோடு பிரசுரிக்கலாமா, பெயரில்லாமலா என்ற கேள்விக்கு மட்டும் மூவரும் ஒரே குரலில் பெயரில்லாமல் என்றோம். இந்தக் கட்டுரையிலும் நான் அதே கட்டத்தில்தான் டிக் போட்டிருக்கிறேன். கெடு முடியும் நாளில், பிரஸ்ஸல்ஸ் இன்னும் கண் விழிக்காத காலை நேரத்தில், இணையக் கடையில் மூன்று முறை இணைப்பு அறுந்து நான்காம் முறை பதில் போனது. கடைக்காரர் அதுவரை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. வந்த பதில்களின் தொகுப்பை வெளியிட்டார்கள். அச்செடுத்துச் சயாவிடம் கொடுத்தேன். சங்கங்களும் கூட்டமைப்பும் பல பக்கங்களுக்கு இருந்தன. ஏழாம் கேள்வியின் கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஒருவர், சரக்கை எண்ணுவதால் அதைச் செய்யும் தொழிலாளர்களுக்கு நன்மை என்கிறார், இது இந்தக் கருத்துக்கேட்பின் வரம்புக்கு வெளியே உள்ளது.

எனக்குக் கோபம் வந்தது. தோழிக்குச் சிரிப்பு வந்தது.

"வெளிய இருக்குன்னு சொல்ல, படிச்சிருக்கணும்ல அண்ணே?"

சயா சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த அச்சடித்த வாக்கியத்தின் ஓரத்திலேயே பத்துக்குப் பத்து போட்டார். ஐரோப்பாவுக்கா தோழிக்கா என்று நான் கேட்கவில்லை.

சிறு கம்பெனிகளுக்குத் தணிக்கைக் கட்டாயம் தளர்ந்தது. ஊர்த் தணிக்கையாளர் நன்றி சொல்லி, இனி அறிக்கை தேவைப்படாது என்று எழுதினார். அலுவலகத்தின் முன்னறையைத் தோழி ஒரு தையல்காரருக்கு விட்டுவிட்டு, பின்னறைக்குப் போனார். எங்கள் ஞாயிறுகள் அதன்பின் தையல் இயந்திரச் சத்தத்துக்கும் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த டிசம்பர் முடிவில் மாவ்பியிலிருந்து தொலைபேசி வந்தது. பின்னுகிற பெண்களில் மூத்தவர், தமிழ்க் குடும்பம். மேற்பார்வையாளர் மறுபடியும் வெளியே தெரிவதை எண்ணத் தொடங்கிவிட்டாராம்.

"அக்கா, தாளு யாருக்குப் போகுதுன்னு எங்களுக்கு வேணாம். நீங்க வந்து நின்னா போதும்."

போனோம், மூன்று பேரும். பேருந்தில் சயா சன்னலோரம் பிடித்துக்கொண்டார். கொட்டகையில் மேற்பார்வையாளர், இந்த ஆண்டு அறிக்கை கேட்டது யார் என்று தோழியிடம் கேட்டார். யாருமில்லை என்றார் அவர். இப்படி ஒரு விடையை எதிர்பார்க்காததால், அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. அந்தத் தடுமாற்றம் எனக்குப் பழக்கமானது. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பேரை அப்படி நிற்க வைத்திருக்கிறேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெண்கள் அடுக்குகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வரிசை வரிசையாக எண்ணினேன். சயா எதிர்ப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோது இரண்டு எண்ணிக்கையையும் கூட்டினால், பதிவேட்டில் இருந்ததற்கு ஒன்று குறைந்தது. மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்தது. மூத்த பெண் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சயா களைத்துப்போய்க் கவிழ்த்து உட்கார்ந்திருந்த கூடையைச் சுட்டிக்காட்டினார்.

அவரை எழுப்பி, அதற்கும் குறி போட்டேன்.