முருங்கை இலையும் சுத்த எத்தனாலும்

அலோர் காஜா என்ற ஊரில் ஒரு சின்ன லேப்பில் மூலிகைச் சாம்பிள்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தபோது, காதர் பாயின் முருங்கை இலை உதவாது என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தவள் நான். லேப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அந்தக் கூத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய்க்குப் பாச்சாங் என்ற ஊரில் கடை. எஸ்டேட்டில் நான்கு பெண்கள் பறித்து, நிழலில் உலர்த்தித் தரும் இலையைத் தேநீர்ப் பொட்டலமாக விற்றார். ஒரு சூப்பர்மார்க்கெட் வாங்க முன்வந்து, ஆன்டிஆக்ஸிடன்ட் ரிப்போர்ட் கேட்டிருந்தது.

எனக்கோ அப்போதுதான் தண்ணீரே கலக்காத சுத்த எத்தனால் வந்திருந்தது. விலை கூடியது, வேலையும் நன்றாகத்தான் செய்யும் என்று நினைத்தேன். என்ன மண்டைக்கனம் பாருங்கள்! இலையை அதில் ஊறவைத்ததும் சாறு கரும்பச்சையாக இறங்கியது. எனக்கு ஒரே பூரிப்பு. அதை ஊதா நிற டி.பி.பி.எச். கரைசலில் விட்டேன். இலையில் அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாக வேண்டும். பெரிதாக ஒன்றும் வெளுக்கவில்லை.

உதவாது என்று நான் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டைப் பாய் படித்தார், கோபப்படவில்லை.

"அந்தப் பொம்பளைங்கள திங்கக்கிழமையிலேருந்து பறிக்க வேணாம்னு சொல்லிடுறேன் தங்கச்சி," என்றார். கிளம்பும்போது, எதில் ஊறவைத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சாராயத்துலயா? நம்ம கஸ்டமர்லாம் சுடுதண்ணியிலதானே போடுறாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. லேப்பில் இப்படித்தான் செய்வோம் என்று வெட்டிப் பேசி அனுப்பினேன். ஆனால் மத்தியானம் முழுக்க அவர் சொன்ன சுடுதண்ணீர்தான் மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் காலை மீதி இலையை மூன்று குடுவையில் போட்டேன். ஒன்றில் சுத்த எத்தனால், ஒன்றில் பாதித் தண்ணீர் கலந்த எத்தனால், ஒன்றில் சுடுதண்ணீர். முதலாவது பழைய கதைதான். பாதிக் கலவை ஊதாவைச் சட்டென்று வெளுக்கவைத்தது, சுடுதண்ணீர் அதற்கு அடுத்தபடி. நான் பூரித்துப்போன கரும்பச்சை வெறும் பச்சையம்! காய்ந்த இலை தண்ணீர் பட்டு உப்பினால்தான் உள்ளே இருப்பது நன்றாக வெளியே வரும். அந்த இலைச் சத்தில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும் ரகம். எல்லாம் படித்ததுதான், பாட்டிலின் விலை கண்ணை மறைத்துவிட்டது.

பாச்சாங்குக்கு நானே கார் ஓட்டிப் போனேன். "தப்பு என்னோடது பாய். உங்க இலை நல்ல இலைலா," என்றேன். வெட்கத்தில் கூடவே ஒரு பரிகாரமும் சொன்னேன். பாதிக் கலவையில்தான் நம்பர் அதிகம், ரிப்போர்ட்டில் அதையே போட்டுவிடலாம் என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் விக்கிறது தண்ணியில போட்டுக் குடிக்கிற இலை. தண்ணி நம்பரையே எழுது. அவங்க வாங்கினா வாங்கட்டும், இல்லாட்டி நான் கடையில வச்சு வித்துக்குறேன்."

அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. என் முன்னாலேயே எஸ்டேட்டுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வழக்கம்போல் பறிக்கச் சொன்னார்.

பிள்ளைகளே, கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் முன், இதை மக்கள் எதில் போட்டுக் குடிப்பார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காததால் நான்கு பெண்களின் வேலை போயிருக்கும்.