ரவைக் கோதுகளுக்கு ஊறிய புளி

கொதிநீரில் ஊறும் பழப்புளியின் வாசத்தோடு ஈரப் பித்தளையின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், எந்த ஊரில் நின்றாலும் மறுகணம் டோர்ட்மண்டில் எங்கள் பழைய வீட்டின் "கெல்லர்" படிகளில் போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்குக் கீழே நிலத்துக்குள் கட்டிய அறையைத்தான் ஜெர்மன்காரர் கெல்லர் என்பார்கள். மற்ற வீடுகளில் அதற்குள் உருளைக்கிழங்கும் பழைய சைக்கிளும் கிடக்கும். எங்கள் வீட்டிலோ வியாழக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வாளிக்குள் சாமியறைக் குத்துவிளக்கும், பக்கத்து வாளிக்குள் சுட்டு முடிந்த வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதுகளும் ஒரே புளியில் ஊறிக்கொண்டு கிடக்கும். விளக்கு வெள்ளிக்கிழமைக்கு, அதை மினுக்குவது அப்பா; கோதுகள் அம்மாவுக்கு.

என்னுடைய அம்மா துவக்குச் சுடுகிறவர். முகத்தைச் சுளிக்க வேண்டாம், அவர் சுட்டதெல்லாம் கடதாசியில் போட்ட கறுப்பு வட்டத்தைத்தான். யூரோ புதிதாக வந்து, எல்லோரும் சில்லறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டு ஹெல்கா அன்ரி எங்களைக் கோடைக்காலத் திருவிழா ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கடையில், காற்றுத் துவக்கால் மெல்லிய குழாயைச் சுட்டு உடைத்தால் அதில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் ரோசாப்பூ நமக்கு. அம்மா விளையாட்டாகத்தான் எடுத்தார். திரும்பி வரும்போது கை நிறைய ரோசாப்பூ, கடைக்காரனின் முகத்தில் ஈயாடவில்லை. வேறொன்றுமில்லை, அம்மா வேலை செய்தது கேக் செய்யும் பேக்கரியில். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கேக்கின் மேல் சீனிப்பூ வைக்கிற கைக்கு அசையாமல் நிற்பது ஒரு வேலையா? அடுத்த மாதமே ஹெல்கா அன்ரி, தான் இளமையிலிருந்து போய்வந்த சுடுநர் சங்கத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சங்கத்தில் சேர்ந்து, சுழல் துப்பாக்கி வைத்திருக்க அனுமதியும் பெற்ற பிறகு, அம்மாவுக்குக் கடை ரவை பிடிக்காமல் போயிற்று. "கடையிலை வாங்கிற தோசைமா மாதிரிக் கிடக்கு, ஒருநாளைக்கு ஒருமாதிரி" என்பார். சுட்ட ரவையின் பித்தளைக் கோது வீணாவதில்லை. அதைக் கழுவி, அடியில் தீப்பொறி கொடுக்கும் புதிய பொறிகிண்ணியைப் பதித்து, தராசில் நிறுத்த வெடிமருந்தைக் கொட்டி, வாயில் ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் அது திரும்பவும் ரவைதான். ஜெர்மனியில் இதை வீட்டிலே செய்கிற பொழுதுபோக்குக்காரர் நிறையப் பேர் இருந்தார்கள், அதற்கென்று வகுப்பும் பரீட்சையும் அனுமதியும் இருந்தன. அம்மா ஜெர்மன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்துப் பாஸ் பண்ணினார். "டெர்மின்" என்று நேரம் குறித்து வந்த அதிகாரி, கெல்லரில் மருந்து வைக்கும் இரும்பலுமாரியைத் தட்டிப் பார்த்து, பூட்டை ஆட்டிப் பார்த்து, மேலே வந்து வடை சாப்பிட்டு, இன்னொரு வடையைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

மேல்வீட்டில் அம்மா ஓயாமல் கதைப்பவர். கறிக்குக் கதை, துணி மடிக்கக் கதை, தொலைபேசியை வைத்த பிறகும் அந்தத் தொலைபேசியைப் பற்றி ஒரு கதை. கெல்லருக்குள் இறங்கிவிட்டால் அது வேறு ஆள். வானொலி கிடையாது, தேத்தண்ணி கிடையாது, அனுமதி இல்லாத ஒருவரும் உள்ளே வரக்கூடாது, கதவைச் சாத்தும்போது ஒரே வசனம்தான் சொல்லுவார்: "இது கதைச்சுக்கொண்டு செய்யிற வேலை இல்லை, பிள்ளை." நான் படியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். உள்ளேயிருந்து அழுத்தும் கருவியின் கைப்பிடி இறங்கும் சத்தம் வரும், "டொக்" என்று குண்டு அமரும், பிறகு ஒரு நீண்ட அமைதி, பிறகு மறுபடியும் "டொக்". அந்தச் சத்தத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வந்தது. இன்றைக்கும் முழு அமைதியில் எனக்குக் கணக்கு வராது.

அப்பாவுக்குத்தான் அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. அவர் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர், ஒளித்து மறைக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் ஜெர்மன்காரர் தெருவில் வெடி கொளுத்தத் தொடங்கினால், அப்பா போர்வையும் தேத்தண்ணிப் போத்தலுமாகக் கெல்லருக்குள் இறங்கிவிடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் "பங்கர்". ஊரில் பிளேன் வந்தால் ஓடி ஒளியும் பதுங்குகுழிக்குத்தான் அந்தப் பெயர். இப்போது அந்தப் பங்கருக்குள்ளேயே மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு, மேலே நின்று சிரிக்கிறார் மனைவி. "உலகத்திலை எந்த மனிசனுக்கும் இப்பிடி ஒரு கொடுமை நடந்திராது" என்று அப்பா வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லுவார். விருந்தாளிகளும் சும்மா விடுவதில்லை. "அண்ணை, அக்காவோடை சண்டை சச்சரவுக்குப் போகாதேங்கோ, கவனம்" என்பார்கள். அப்பா சிரிப்பார், ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறாது.

அனுமதிக்கு "அன்ட்றாக்" எனும் விண்ணப்பம் எழுதிப்போட்ட அன்றே அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "ஒரே ஒரு பிழை நடக்கட்டும், அண்டைக்கே எல்லாம் வீட்டை விட்டு வெளியிலை போகும். நான் கதைக்கவும் மாட்டன், கேக்கவும் மாட்டன்." அம்மா தலையாட்டினார். அதனால்தான் அத்தனை கவனம். ஒவ்வொரு முறையும் கைப்பிடி இறங்கும்போது, இதோடு அம்மாவின் சந்தோசம் போய்விடக்கூடாதே என்று எனக்கும் பயம்தான். ஏனென்றால், சங்கத்துக்குப் போய்வருகிற நாட்களில் அம்மா படியேறும்போதே பாட்டு முணுமுணுப்பார்; பேக்கரியிலிருந்து வருகிற நாட்களில் அது இல்லை.

இனிப் புளிக்கு வருகிறேன். சங்கத்துக்காரர் கோதுகளை ஒரு குலுக்கும் மிசினில் போட்டு, வாதுமைக் கோதுத் தூளோடு மணிக்கணக்காக உருட்டி மினுக்குவார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு. "பித்தளை மினுக்க மிசினோ? இதென்ன கூத்து!" பழப்புளியைக் கரைத்து, ரசத்துக்கு வடிப்பதைவிடக் கவனமாக, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் இரண்டு தரம் வடித்து, தும்பில்லாத தெளிந்த புளித்தண்ணியில் கோதுகளை ஊறவைத்து, சுடுதண்ணியில் அலசி, "ஹைசுங்" எனும் சூடாக்கியின் மேல் தட்டில் பரப்பிக் காயவைப்பார். காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்ப்பார். பார்த்து முடிந்தவை ஒரு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டிக்குள் போனது ரவையாகலாம் என்பது அம்மாவின் சட்டம். அவர் கோதுகள் தங்கம்போல மினுங்கும். ஹெல்கா அன்ரி அதைப் பார்த்துவிட்டு, ஆசியக் கடைக்குப் போய்த் தானும் ஒரு புளிக்கட்டி வாங்கி, கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களிடமே கொண்டுவந்து தந்தார்.

ஓர் இலையுதிர்காலத்தில் சங்கப் போட்டி வந்தது. அந்தக் கிழமை பார்த்துப் பேக்கரியில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போக, அம்மா இரண்டு ஆளின் வேலையைச் செய்துவிட்டு வந்தார். போட்டிக்கு முந்தின நாள்தான் கெல்லருக்குள் இறங்க நேரம் கிடைத்தது. நல்லவேளையாக ஐஸ்கிறீம் பெட்டி நிறையக் கோது இருந்தது. அடுத்த காலை ஹெல்கா அன்ரியின் கார் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா எங்கள் கார்ச் சாவியை எடுத்தார். வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், மனிதர் உள்ளேயும் வந்தார்! காதுக்குள் பஞ்சு, பஞ்சுக்கு மேல் சங்கத்துக் காதுமூடி, அதற்கு மேல் தன் குளிர்த்தொப்பி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கடைசி வாங்கில், கதவுக்குக் கிட்ட இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவின் முறை வந்தது. முதல் சூடு கறுப்பு வட்டத்துக்குள், அடுத்ததும் உள்ளேதான். ஒவ்வொன்றுக்கும் அப்பா குளிர்த்தொப்பியைக் கீழே இழுத்துவிட்டார். அதற்கடுத்து "டுமீல்" வரவில்லை. சோடாப் போத்தல் திறந்ததுபோல "பொசுக்" என்று ஒன்று, அவ்வளவுதான். பக்கத்தில் சுட்டவர்கள் கவனிக்கக்கூட இல்லை. அப்பா எழும்பிவிட்டார்.

அந்தக் கணத்தில் இன்னொரு தரம் விசையை இழுப்பதுதான் மனிதக் கைக்கு வரும் முதல் எண்ணம் என்று பிறகு ஹெல்கா அன்ரி சொன்னார். போட்டி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, புள்ளி போகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். அம்மா இழுக்கவில்லை. துப்பாக்கியின் வாய் இலக்கை விட்டு அசையவில்லை. விரலை வெளியே எடுத்தார், மற்றக் கையை நேரே மேலே உயர்த்தினார், அப்படியே நின்றார். மேற்பார்வை செய்தவர் எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். சுடுகூடம் முழுவதும் சத்தம் அடங்கியது. அந்த அமைதியின் நடுவில் கையை உயர்த்திக்கொண்டு என் அம்மா நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப்போல அழகான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார்கள். மருந்து சரியாகப் பற்றாததால் குண்டு குழாய்க்குள் பாதிவழியில் சிக்கிக்கொண்டு கிடந்தது. அதன் பின்னால் இன்னொரு குண்டு போயிருந்தால் குழாய் கையோடு பிளந்திருக்கும். மேற்பார்வையாளர் அந்தக் கோதை வெளிச்சத்தில் பிடித்து, மெல்லிய கம்பியால் உள்ளே கிளறினார். எரியாமல் கட்டிபட்ட மருந்தோடு, மண்ணிறமாக ஏதோ ஒரு நார் வந்தது. அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஹெல்கா அன்ரிக்கு விளங்கியது. கண்ணாடிக்குள்ளால் பார்த்த எனக்கும் விளங்கியது. சாம்பாரில் வாய்க்குள் அகப்பட்டால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்போமே, அந்தப் புளியந்தும்பு.

அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகம் சுண்ணாம்பாகப் போயிருந்தது. அம்மா வெளியே வந்து கேட்டது ஒரே ஒரு சொல்தான்.

"வடிச்சனீங்களோ?"

அப்பா இல்லையென்று தலையாட்டினார். நடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வியாழக்கிழமை விளக்கை மினுக்கக் கெல்லருக்குள் இறங்கியவர், கழுவாமல் கிடந்த கோதுகளைக் கண்டிருக்கிறார். மனைவி களைத்து விழுந்து வருவாளே என்று இரங்கி, விளக்குக்குக் கரைத்த அதே புளியில், வடிக்காமல், அவற்றையும் கழுவிக் காயவைத்து, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டார். விளக்குக்கு யார் புளி வடிக்கிறார்கள்? "நீர் களைச்சு வருவீர் எண்டுதான்..." என்றார். மருந்தென்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர், ஒருவருக்கும் தெரியாமல் அவ்வளவையும் செய்திருக்கிறார்.

"பெட்டிக்குள்ளை இருந்தாலும் நான் ஒருக்காப் பாத்திருக்க வேணும். பாக்காமல் போட்டது நான்" என்றார் அம்மா. போட்டி போயிற்று. அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

காரில் வீடு திரும்பினோம். எனக்கு அந்த நிபந்தனை மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது: ஒரே ஒரு பிழை. நடந்துவிட்டது. இனிக் கெல்லரில் "டொக்" சத்தம் இல்லை, படியேறும்போது பாட்டில்லை. பின்சீட்டில் இருந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன். அம்மா மடியில் பெட்டியை வைத்து, மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே தொடங்கினார். "நீங்கள் சொன்ன சொல் சொன்னதுதான். நாளைக்கே எல்லாத்தையும் குடுத்துவிடுறன்."

அப்பா சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார். "ஊரிலை நான் எத்தினை துவக்குப் பாத்தனான். பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் சுட்டவங்களைத்தான் பாத்தனான். ஒருத்தன்கூட இப்பிடிக் கையை உயர்த்திப்போட்டு நிண்டதை நான் காணேல்லை."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அப்பா மெதுவாகக் கியரைப் போட்டார்.

"ஒண்டும் குடுக்க வேண்டாம். இனிப் புளி என்ரை வேலை. நான் வடிக்கிறன், நீர் பாரும்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. வியாழக்கிழமைகளில் அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கீழே பார்த்துக் குரல் கொடுப்பார்: "வடிச்சனீங்களோ?" கீழேயிருந்து பதில் ஏறி வரும்: "ஓம், ரெண்டு தரம்!" அதற்குப் பிறகும் அம்மா ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அப்பாவுக்கு அதில் கோபமே வருவதில்லை. வருடப் பிறப்புக்கு மட்டும் அவர் இன்னும் பங்கருக்குள்தான் போனார். அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார், அம்மா போர்வையோடு போய்ப் பக்கத்தில் இருப்பார்.

இப்போது அந்த வீடு இல்லை, அதில் வேறு யாரோ உருளைக்கிழங்கு வைத்திருப்பார்கள். அம்மாவின் தோள் நோவுக்குப் பிறகு சுழல் துப்பாக்கி சங்கத்து ஆள் ஒருவரிடம் முறைப்படி போயிற்று, அழுத்தும் கருவியும் தராசும் அதன் பின்னால் போயின, அனுமதியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஹெல்கா அன்ரியும் போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் கெல்லர் இல்லாத ஒரு சின்ன வீட்டில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறார்கள்.

போன மாதம் என் வீட்டுக்கு வந்து நின்றார்கள். நான் குத்துவிளக்கைக் குழாயில் வருகிற ஏதோ பசையால் தேய்ப்பதைக் கண்ட அப்பா, அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, குசினிக்குள் போய்ப் புளி கரைத்தார். பிறகு வெள்ளைத் துணி கேட்டார். வடித்தார். பிழிந்தார். திரும்பவும் வடித்தார். "விளக்குக்கு எதுக்கப்பா வடிக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் கையில் துணி சொட்டச் சொட்ட நின்று, ஹோல் பக்கம் தலையைத் திருப்பி, ஒருவரும் கேளாமலே குரல் கொடுத்தார்.

"ரெண்டு தரம் வடிச்சாச்சு!"

தொலைக்காட்சிக்கு முன்னால் கண்ணயர்ந்திருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"கொண்டு வாங்கோ, பாப்பம்."