ரஸியா பசியாறிய படகு

முதலமடையில் மாங்காய்க் காலம் தொடங்கிவிட்டால் ரஸியாவின் வீட்டு முன்னறை விடியும் முன்பே நிறைந்துவிடும். பறிக்கிற ஆட்கள், லாரிக்காரர்கள், மண்டியில் பெட்டி அடிக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் பசியாறினார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, வாசலில் தகரம் இறக்கிய அடுப்படி. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஆப்பமும் கடலைக் கறியும் தினமும் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் இடியாப்பம்.

கடைசி ஆள் கை கழுவிப் போகும்போது மணி பத்தரை ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் ரஸியா சாப்பிடுவாள். கருகிப்போன ஆப்பம் ஒன்றிரண்டு எப்படியும் மிஞ்சும். அதை நின்றபடியே தின்றுவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அங்கே அவள் கணவன் கனி படுத்திருந்தார்.

கனி மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். காயைக் கையில் எடுத்து ஒரு தடவை உருட்டினால் போதும், எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். ஐம்பத்தைந்து வயதில் ஒரு நாள் மண்டியிலேயே விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற பஞ்சாயத்துப் பாலியேட்டிவ்காரர்கள் கட்டிலும் காற்றுப் படுக்கையும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தொண்டை சரியாக வேலை செய்யாததால் கெட்டியாக எதுவும் கொடுக்கக் கூடாது. கூழாகக் கரைத்த கஞ்சி மட்டும், அதுவும் தலையை உயர்த்தி வைத்து, சிறு கரண்டியால். ஆறு வருடம் ரஸியா இதைச் செய்தாள். அந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் ஊரைவிட்டு வெளியே தங்கியதில்லை.

மகள் அன்சிலா ஆலப்புழையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். இருபத்துநான்கு வயது, ஒரே பிள்ளை. ஜூன் மாதம் வந்திருந்தபோது அம்மா நின்றுகொண்டே தின்பதைப் பார்த்துவிட்டுப் போனவள், இரண்டு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டாள்.

“அம்மா, வர்ற ஞாயித்துக்கெழமைக்கு ஒரு போட்டு புக் பண்ணியிருக்கேன். டவுனுக்குள்ள கனால்ல போறது. நாம ரெண்டு பேரு மட்டும்தான். காலைல பலகாரமும் போட்டுலயே தருவாங்க.”

“உனக்கென்ன பைத்தியமாடீ? அத்தாவ யாரு பாப்பா?”

“மாமி பாத்துக்கும். நான் கேட்டுட்டேன். சரின்னுருச்சு.”

மாமி என்றது கனியின் தங்கை ரம்லாவை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அண்ணன்மேல் உயிர்; ஆனால் ரஸியாவோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. இருந்தாலும் கேட்டதும் ஒத்துக்கொண்டாள். ரஸியா சனிக்கிழமை காலை கிளம்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். எப்படித் திருப்புவது, எந்த மருந்து எப்போது, கஞ்சி எந்தப் பதம்.

“வேற எதுவும் வேண்டாம் ரம்லா. ரொட்டி, ரஸ்க்கு எதுவுமே ஆகாது.”

“எனக்குத் தெரியாதா மதினி? நீங்க போயிட்டு வாங்க.”

கனியிடம் சொல்லிக்கொள்ளும்போது அவர் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்தார். பிறகு தானாகவே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. படகு சின்னதுதான். மேலே கூரை, எதிரெதிரே மெத்தை போட்ட இரண்டு இருக்கை, நடுவில் ஒரு மேஜை. படகுக்காரர் சதீஷ் நாற்பது வயதுக்காரர். அவர் மனைவி லிஜி வீட்டில் சமைத்துக் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் மூடியோடு அடுக்கியிருந்தன.

ஏறி உட்கார்ந்ததும் அன்சிலா அம்மாவின் கைப்பையை வாங்கினாள். போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்தித் திரும்ப உள்ளே போட்டாள். “ஒரு மணி நேரம். யாரும் உன்னக் கூப்பிட வேண்டாம்.”

ரஸியா தடுக்கவில்லை. அதைத்தான் பின்னால் அவள் பல தடவை நினைத்துப் பார்த்தாள்.

கால்வாயின் இரண்டு கரையிலும் ரோடு. பூட்டிக் கிடந்த பழைய கயிற்றுக் கிடங்குகள், பாசி பிடித்த படிக்கட்டுகள், ஒரு படியில் உட்கார்ந்து பல் தேய்க்கிற ஆள். பாலம் வரும்போதெல்லாம் ரஸியா தலையைக் குனிந்தாள். குனியத் தேவையே இருக்கவில்லை. சில இடத்தில் ஆகாயத்தாமரை மண்டிப்போய் நாற்றம் அடித்தது. சதீஷ் கழியால் அதை ஒதுக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவர்போலச் சிரித்தார்.

சாப்பாட்டு மூடியைத் திறந்ததும் ரஸியா பழக்கத்தில் எழுந்து கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

“உம்மா இவிடெ இரிக்கணும். ஞான் விளம்பாம்” என்று சதீஷ் தானே பரிமாறக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். ஆப்பம், முட்டைக் கறி, ஆவியில் வெந்த நேந்திரம்பழம். இன்னொருவர் சுட்ட ஆப்பத்தை அவள் தின்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“மாவு இன்னுங் கொஞ்சம் புளிச்சிருக்கணும்.”

“அம்மா, பரிட்சை பேப்பர் திருத்தாத. தின்னு.”

தின்றாள். முதல் ஆப்பம் முடிவதற்குள் சதீஷ் இரண்டாவதைப் போட்டார். டீயைச் சூடாக ஊற்றினார். தூறல் கூரைமேல் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நாலாவது ஆப்பத்தை அவளே கேட்டு வாங்கினாள். கேட்டுவிட்டுக் கூச்சத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்சிலா அதைப் படமெடுத்தாள். ‘இன்னைக்கு எங்கம்மா ராணி’ என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அப்போது மணி ஏழு ஐம்பது.

எட்டே காலுக்கு அன்சிலாவின் போன் அடித்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மோகனசுந்தரம்.

“கண்ணு, அம்மா பக்கத்துல இருக்காங்களா? ரம்லாக்கா அம்மா போனுக்கு அத்தனை தடவை கூப்பிட்டாங்களாம்... பதட்டத்துல அவங்களுக்கு வேற ஒண்ணும் ஓடல, உன்ற நம்பர நாந்தாங் கண்ணு இப்பத் தேடிப் புடிச்சேன்.”

“என்னாச்சுங்க மாமா?”

“அப்பா போயிட்டாருங்கண்ணு.”

ரஸியா மகளின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பையிலிருந்து தன் போனை எடுத்தாள். ரம்லா பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள். முதல் அழைப்பு ஏழு நாற்பதுக்கு.

சதீஷ் படகைத் திருப்பினார். வந்த வழியெல்லாம் திரும்பப் போக வேண்டியிருந்தது. படகு அதன் வேகத்தில்தான் போனது. ரஸியா அழவில்லை. கையில் ஒட்டியிருந்த முட்டைக் கறியைக் கால்வாய்த் தண்ணீரில் கழுவினாள். கழுவியது போதாதென்று திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே வந்தாள்.

கார் பிடித்து முதலமடை வந்து சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதியிருந்தார். வீடு நிறையப் பெண்கள். அவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். மௌத்துச் செய்தியும் வாயைப் பொத்திச் சிரிக்கிற ரஸியாவும் ஒரே நேரத்தில் அவர்கள் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அன்சிலா வரும் வழியிலேயே அதை அழித்திருந்தாள். அதற்குள் அறுபத்துநான்கு பேர் பார்த்துவிட்டார்கள்.

கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இத்தா என்பார்கள். ரஸியா இருந்தாள். கடை பூட்டிக் கிடந்தது. பார்க்க வருகிற பெண்கள் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்து ரம்லாவிடம் பேசுவது உள்ளறைக்குக் கேட்கும்.

“இவ வந்துருவா வந்துருவான்னு வாசலையே பாத்துட்டுக் கெடந்தான் எங்கண்ணன். மதினி போட்டுல பலகாரம் தின்னுட்டிருந்தாங்க. நான் என்ன செய்ய?” என்று ரம்லா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அழுதாள்.

அதில் பொய் எதுவும் இல்லை. ரஸியாவை அரித்தது வேறொன்று. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கனியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நினைத்து, கவலைப்பட்டு, அரை மனதோடு தின்றிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முழு மனதோடு தின்றாள். நாலாவதைக் கேட்டு வாங்கித் தின்றாள்.

மூன்றாவது மாதம் பாலியேட்டிவிலிருந்து, கட்டிலையும் படுக்கையையும் வேறொரு நோயாளிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ரஸியா காற்றைப் பிடுங்கிப் படுக்கையைச் சுருட்டினாள். சுவர்ப்பக்கம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ரஸ்க் பாக்கெட் செருகியிருந்தது. பிரித்து, ஓரத்தை மடக்கி வைத்திருந்தது. இரண்டு குறைந்திருந்தது.

அன்று மத்தியானம் ரம்லா வந்தபோது ரஸியா அதை அவள் முன்னால் வைத்தாள்.

“இது யாரு வாங்குனது ரம்லா?”

ரம்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தான் மதினி. டீ ஆத்துற சத்தங் கேட்டு அவன் கையக் கைய நீட்டுனான். ஆறு வருஷமாக் கஞ்சி. எங்கண்ணனாச்சே, மனசு கேக்கல. கடைக்கு ஓடிப்போய் வாங்கியாந்தேன். ஒண்ணு நனைச்சுக் குடுத்தேன். இன்னொண்ணு கேட்டான்.”

“பொரையேறுச்சா?”

“ரெண்டாவதுல இருமுனான். முதுகத் தட்டுனேன். அப்பறம் அடங்கிட்டான். அதுனாலயா, இல்ல நெஞ்சு நின்னுச்சா, எனக்குத் தெரியல மதினி. அல்லாவுக்குத்தான் தெரியும்.”

ரஸியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுந்து நின்று கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். மூன்று மாதப் பேச்சும் ஒரே நாளில் திசை மாறிவிடும். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு கேள்வி.

“மொதல்ல குடுத்தியே, அது நல்லாத் தின்னாரா?”

“முழுசாத் தின்னான்” என்றாள் ரம்லா. “சிரிச்சான் மதினி.”

ரஸியா பாக்கெட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். பிளாஸ்டிக் உருகுகிற வாடை வீடெல்லாம் பரவியது.

“யாருகிட்டயும் சொல்லீராதீங்க மதினி. எங்கூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.”

“சொல்லல. நீ இனி போட்டப் பத்திப் பேசாத.”

அத்தோடு ரம்லா அந்தப் பேச்சை விட்டாள். ஊர் விடவில்லை.

அன்சிலா அம்மாவிடம் முன்போல் பேசவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவள் மறுநாளே போய்விட்டாள். பிறகு மஸ்கட்டில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. இத்தா முடிந்த வாரம் சொல்லிக்கொள்ள வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலையில் அம்மா ஆப்பம் வைத்தபோது தட்டைத் தள்ளினாள்.

“காலைல எதுவும் எறங்கறதில்லம்மா. பழகிருச்சு.”

“எத்தனை நாளா?”

“அன்னையிலேருந்து. போனை நான் அமத்தாம இருந்திருந்தா, நீ எப்படிக் குடுக்கணும், எப்படிப் படுக்க வெக்கணும்னு மாமிக்குச் சொல்லியிருப்ப. அத்தா பொழச்சிருப்பாரு. நான்தாம்மா...” என்றாள்.

ரஸியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ‘ரஸ்க்கு’ என்று சொன்னால் மகள் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். இறங்கி நேராக ரம்லாவின் தலையில் போய் உட்காரும். அன்சிலா அதை மனதில் வைத்துக்கொள்கிறவள் அல்ல. மாமி வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிடுவாள். ரம்லாவும் வாக்கு வாங்கியிருக்கிறாள்.

“உங்கத்தாவோட நேரம் முடிஞ்சுது கண்ணு. போனெடுத்திருந்தாலும் முடிஞ்சுதான் இருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

ரஸியா மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு துண்டு பிய்த்தாள்.

“அந்தப் போட்டுல தின்னது இருக்கே, அது நல்லா இருந்துச்சு அன்சிலா. நான் பொய் சொல்லல. என் ஆயுசுல அப்படி ஒருநாளும் பசியாறுனதில்ல. அத உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன்.”

அன்சிலா மேஜைமேல் கவிழ்ந்து அழுதாள். ரஸியா பிய்த்த துண்டை நீட்டியபடியே இருந்தாள். அவள் வாங்கவில்லை. மறுநாள் நெடும்பாசேரியிலிருந்து விமானம் ஏறினாள்.

ஜனவரியில் ரஸியா கடையைத் திறந்தாள். இரண்டாம் நாளே ரம்லா வந்து அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து தினமும் வருகிறாள். மதினியைப் பற்றி அத்தனை பேசியவள் இப்போது ஏன் கூடவே கிடக்கிறாள் என்று ஊரில் கேட்டுக்கொள்கிறார்கள். ரஸியா மாவைக் கலக்கும்போது ரம்லா சட்டியைப் பிடித்துக்கொள்கிறாள். மஸ்கட்டிலிருந்து போன் வந்தால் ரம்லா மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.