என் காலை வைத்து அவர் செய்த வேண்டுதல்

இதய அறுவை சிகிச்சை முடிந்து என் கணவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. இட்லித் தட்டைக் கையில் வாங்கியபடி சொன்னார்: "நீ புதூர்லருந்து அழகர்கோவிலுக்கு நடந்து வாரதா வேண்டியிருக்கேன். செருப்பில்லாம."

"யாரு, நானா?"

"ஆமா. ஆபரேசனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப வேண்டுனேன். பொழச்சு வந்தா எம் பொண்டாட்டி நடந்து வருவான்னு."

"வாய் உங்களுது, கால் மட்டும் என்னுதா?"

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் இது புதிதும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளையின் தலைமுடியை வேண்டிக்கொள்வார்கள். கொழுந்தனுக்கு வேலை கிடைக்க அண்ணி தீச்சட்டி எடுப்பாள். வேண்டுகிறவர் ஒருவர், செலுத்துகிறவர் வேறொருவர்; யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்குத்தான் உறுத்தியது. இருபத்தாறு வருடமாக அலுவலகப் பதிவறையில் வேலை பார்க்கிறவள் நான். கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்பது அங்கே முதல் பாடம். என் நாட்குறிப்பிலும் அப்படித்தான். யாருக்கு என்ன செய்கிறேன் என்று சொன்னேனோ அதை அன்றே எழுதுவேன். செய்து முடித்ததும் அதன் கீழ் ஒரு கோடு போடுவேன். இந்த வேண்டுதலை நான் எழுதவில்லை. அது என் வார்த்தை இல்லை.

மருத்துவர் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். என் கணவர் வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் இருக்கும், நாடி பார்த்துக்கொண்டே. பாத்திரக்கடையில் நாள் முழுக்க நின்று, பரண்மேல் இருக்கும் அண்டாவை ஏணியில் ஏறி இறக்குகிற மனிதர். இப்போது கடைப் பக்கமே போகவில்லை. அவர் தம்பிதான் பார்த்துக்கொண்டார். யாராவது நலம் விசாரிக்க வந்தால் படுக்கையறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். என்னிடம் மட்டும் ஒருநாள் தவறாமல் கேட்பார்: "எப்ப நடக்கப் போற? சாமி காத்துக்கிட்டு இருக்கு."

இப்படியே ஆறு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாட்குறிப்பில் முடிக்காமல் விட்டவை ஏதாவது இருக்கிறதா என்று பக்கங்களைத் திருப்பினேன். அறுவை சிகிச்சை அன்று இரண்டே வரிகள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல என்று கேட்டார். ஆகாது, பழையபடி ஆயிருவீங்க, நான் சொல்றேன்ல என்றேன்." அதன் கீழ் கோடு இல்லை.

அவர் என் காலை எடுத்து சாமிக்குக் கொடுத்தார் என்று ஆறு வாரமாகக் கோபப்பட்டேன். நான் எதைக் கொடுத்தேன்? அவருடைய இதயத்தை அவருக்கே கொடுத்தேன், அது என்னவோ என் கைப்பையில் இருந்ததைப் போல. பயம் வந்தால் மனிதர் தன் கையில் இல்லாததைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார் போலும். அவரைக் குறை சொல்லும் தகுதி அன்றோடு எனக்குப் போயிற்று. ஆனால் நான் சொன்னதில் முதல் பாதியை மருத்துவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். 'பழையபடி' என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு நான் ஏதாவது செய்ய முடியும்.

மறுநாள் சொன்னேன்: "நடக்குறேன். ஆனா வேண்டுன ஆளும் கூட வரணும்."

"நானா? வழியில விழுந்துட்டா?"

"நான் மட்டும் போய் நின்னா, வாக்குக் கொடுத்த ஆள் எங்கன்னு சாமி கேக்கும். என்ன சொல்லட்டும்? கேட்டைத் தொட்டுட்டுத் திரும்பிட்டாருன்னா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளும் கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினார். மூன்றாம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நெஞ்சைப் பற்றிய பயத்தைவிட வேண்டுதல் நின்றுபோகும் பயம் அவருக்குப் பெரியது. அதை நான் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் வாரம் ரேசன் கடை வரை. அடுத்த வாரம் பேருந்து நிறுத்தம் வரை. எத்தனை நிமிடம், எத்தனை இடத்தில் உட்கார்ந்தார் என்று தினமும் எழுதினேன். மூன்று மாதம் கழித்து மருத்துவர் எல்லாம் பரிசோதித்துவிட்டு, "போகலாம், ஆனா ஒரே நாள்ல வேண்டாம், ரெண்டு காலையாப் பிரிச்சுக்கங்க" என்றார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியும் நேரத்தில் புதூரிலிருந்து கிளம்பினோம். வெயில் ஏறும்போது அப்பன்திருப்பதி வந்துவிட்டது. தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருக்குச் சந்தேகம்.

"பாதியில நிறுத்துனா சாமி ஏத்துக்கிருமா?"

நான் எதிரே இருந்த மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். "நாளைக்கு இதே கம்பத்துலருந்து. ஒரு அடி குறையாது."

கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அக்கா அளக்க டேப்பு கொண்டு வரலையா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அங்கேதான் கேட்டேன். பேருந்தில் வீடு திரும்பினோம்.

மறுநாள் அதே கம்பத்திலிருந்து தொடங்கினோம். மலை கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் நடை வேகமானது. என் குதிகால் வெடித்து எரிந்தது. பின்தங்கிவிட்டேன். அவர் திரும்பி நின்று கத்தினார்: "என்ன, எம்புட்டு மெதுவா வார? பொண்ணழைப்புக்கா போறோம்?" இரண்டு கைகளும் வீசியபடி இருந்தன. மணிக்கட்டில் விரல் இல்லை.

கோவிலின் கோட்டை வாசலில் எனக்காகக் காத்திருந்தார். சேர்ந்தே உள்ளே போனோம். வரிசையில் முன்னால் நின்றவரிடம், அந்த ஆள் கேட்காமலே, "நெஞ்சைப் பொளந்து தச்ச ஆளுண்ணே நானு. புதூர்லருந்து நடந்தே வந்துட்டோம்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். அந்த மனிதர் எங்களை முன்னால் விடப் பார்த்தார். என் கணவர் மறுத்துவிட்டார். "நிப்போம்ணே, அதுக்கென்ன" என்றார்.

தரிசனம் முடிந்து, கோவில் பிரசாதத் தோசையை ஆளுக்குப் பாதி தின்றோம். அவர் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஏறிப் பாப்பமா?"

"என்னால முடியாது. கால் வீங்கிருச்சு."

"அப்ப நீ உக்காரு. நான் போய்ட்டு வாரேன்."

"முதல் வளைவு வரைக்கும்தான். மெதுவா."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் தனியாக எங்கும் போனதில்லை. மரநிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீலச் சட்டை குரங்குகளுக்கு நடுவே ஏறியது, வளைவில் ஒருமுறை நின்றது, எனக்குக் கையை ஆட்டியது. பிறகு வளைவைத் தாண்டி மேலே போய்விட்டது. நான் கூப்பிடவில்லை.