கடலைக் கொல்லையை அழித்த மச்சான்

மச்சான் ஏழுமலை மறைந்த செய்தி வந்தபோது நான் அனந்தபுரம் சந்தையில் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். காலையில் காபி கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டாராம். போனில் என் மனைவி அழுத அழுகையில் சந்தையே நின்றுவிட்டது, மாடுகள்கூட அசைபோடவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் மனைவியின் தம்பி. ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், நம் செஞ்சிக் கோட்டையை அந்நியப் படை பிடித்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படக்கதையாக வரைந்தார். அதற்கு வழிகாட்டி நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் தங்கவில்லை; ஆனால் இந்தக் கோட்டையில் எனக்குத் தெரியாத கல் கிடையாது.

முதலில் வரைந்த பக்கத்தில், மலையடிவாரத்தில் எதிரிப் படை கூடாரம் போட்டிருந்தது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று நிலக்கடலை. செடியைப் பார்த்தே ரகம் சொல்லலாம், அப்படி வரைந்திருந்தார். மறுவாரம் போனால் கடலையைக் காணோம். அந்தக் காலத்தில் அந்தப் பயிர் நம் பக்கத்துக்கே வரவில்லையாம். படித்துத் தெரிந்துகொண்டு, வெள்ளை பூசி அழித்துவிட்டார்.

“மல்லாட்டை இல்லாத செஞ்சியா? அப்போ சிப்பாய்ங்க இன்னாத்த தின்னானுங்க?” என்று கேட்டேன்.

“கேவுரு தின்னாங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, கேழ்வரகுக் கதிர்களை வரைய உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வந்தது கோட்டை வாசல். எங்கள் வம்சத்துப் பெரியவர் ஒருவர் அந்த வாசலில் ஒற்றை ஈட்டியோடு நின்று ஆயிரம் பேரை மறித்தவர். அவரைப் படத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. வல்லம் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

மச்சான் தூரிகையைக் கீழே வைத்தார். “ஆதாரம் இன்னா இருக்குது மாமா?”

“நான் இருக்கறனே. வேற இன்னா வேணும்?”

“நீங்க இருக்கறது சரி. அவரு இருந்தாரான்னு தெரியணுமே.”

வரையவில்லை. நானும் ஆடி முழுக்க அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்ததும் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். சண்டை ஓய்ந்துவிட்டது. சனங்கள் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகிறார்கள். நடுவில் ஒருவர் கையை ஓங்கிக் கதை சொல்ல, சுற்றி உட்கார்ந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். அவருடைய மீசை என் மீசை. முன்பல் இடைவெளிகூட என்னுடையதுதான்.

“இதுக்கு மட்டும் ஆதாரம் இருக்குதாடா?” என்று என் மனைவி தம்பியைக் கேட்டாள்.

“இதுக்கு எதுக்குக்கா ஆதாரம்? கோட்டை விழுந்த ஊர்ல எல்லாம் இப்படி ஒருத்தரு இருந்திருப்பாரு.”

அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். செஞ்சி வரலாற்றில் ஆதாரமே தேவைப்படாத ஆள் நான் ஒருவன்தான்.

தகனம் முடிந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தபோது, அவரிடம் படித்தவர்கள் கோட்டை விழுந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். கையை ஓங்கிச் சொன்னேன். ஒற்றை ஈட்டியை விடவில்லை. ஆயிரம் பேர் அன்று இரண்டாயிரம் ஆனார்கள். ஆனால் எதிரிப் படை கூடாரம் போட்ட இடம் வந்ததும், சுற்றிலும் கேழ்வரகு என்றுதான் சொன்னேன்.

மச்சான், மலையடிவாரம் முழுக்க உங்கள் கேழ்வரகு கதிர் முற்றி நிற்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.