அற்புதம்மாள் தனக்கென்று கிண்டிய லேகியம்

அற்புதம்மாளுக்கு மூக்கின்மேல் கோபம். பாலக்கரையில் அது தெரியாதவர் கிடையாது. ஆனாலும் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பிரசவ லேகியம் கிண்ட அந்த விதவையைத்தான் கூப்பிடுவார்கள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் நல்லெண்ணெயில் சுருண்டு வரும் வாசனையே தெருவுக்குப் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்லிவிடும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு காலையில், பக்கத்து வீட்டு லூர்து குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள்தான் அவளுக்குக் கருவைக் கலைத்திருந்தார்கள். இருக்கிற மூன்று போதும் என்று முடிவெடுத்தவன் புருஷன் சவரிநாதன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவனும் அவன்தான். வீடு திரும்பியதும் சோறு எங்கே என்று கேட்ட புண்ணியவானும் அவனே.

அற்புதம்மாள் குடத்தைப் பிடுங்கிவிட்டு அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். "லேகியம் கிண்டித் தரேன். உடம்பு தேறணும்" என்றாள்.

சவரிநாதன் குரலைத் தாழ்த்தினான். "புள்ளையே இல்லாம லேகியமா? வாசனை வந்தா தெருவே கேக்கும்க்கா. என் மானம் போயிடும்."

"அவ உசிரு போனா பரவாயில்லையா?"

தன் வீட்டிலேயே அடுப்பை மூட்டினாள். வாசனை கிளம்பியதும் எதிர்வீட்டு ரோசரி எட்டிப் பார்த்தாள். "யாருக்குக்கா லேகியம்?"

"எனக்குத்தான்டி!"

ஐம்பது வயது விதவைக்குப் பிரசவ லேகியம்! தெரு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துத் தொலையட்டும் என்று, முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் லூர்துவுக்கு ஊட்டினாள். வெந்நீர் ஊற்றினாள், வயிற்றைத் துணியால் கட்டிவிட்டாள். அவள் அழுதபோது அழாதே என்று மட்டும் சொல்லவில்லை.

"எனக்கு மன்னிப்பு உண்டாக்கா?"

"சேசு மூஞ்சியத் திருப்பிக்க மாட்டாருடி. அவரு என்ன, உன் புருஷனா?"

தேறி எழுந்து பூசைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்தபோது பாவம் செய்தவள் வாங்கக் கூடாதென்று லூர்து மட்டும் கோயிலின் கடைசியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சவரிநாதனோ முதல் ஆளாகப் போய், கண்ணை மூடி நாக்கை நீட்டினான். அற்புதம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையை விட்டுத் திரும்பி வந்து, லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து அவன் வந்தான். "நீங்க ஏன்க்கா நன்மை வாங்கல?"

"இந்த எடம் காலியாக் கெடந்துச்சு. நீ உக்கார வேண்டிய எடம்டா இது."

லூர்து தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு, தெருவில் பிள்ளை பிறக்காத நாட்களிலும் அந்த விதவை வீட்டில் அவ்வப்போது லேகிய வாசனை வந்தது. யாருக்கு என்று தெருவில் ஒருத்தியும் கேட்கவில்லை.