கண்ணாடி அலமாரிக்குள் அகராதி

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு அந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். வேலை வாங்கித் தந்தவள் கணவனின் அக்கா; அங்கேயே வேலை பார்த்த அவளை இவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஓர் அகராதியையும் கையில் திணித்தாள்.

"இது போதும் உனக்கு. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம். குழப்பமே இல்ல."

ஒருநாள் காலை, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரம்மா நெஞ்சுவரை போர்த்தியிருந்த போர்வையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அகராதி 'கனம்' என்றது. போர்வைதான் கனக்கிறது போலும் என்று எடுத்துவிட்டு, மெல்லிய துப்பட்டி கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது அந்தம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. உயிர் தப்பியது மயிரிழையில்.

மேற்பார்வையாளர் அவளை அலுவலகத்தில் நிற்கவைத்துக் கத்தித் தீர்த்தார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, தடித்த அகராதி ஒன்றை எடுத்து ஒரு வரியில் விரலால் குத்தினார். அண்ணி மொழிபெயர்த்தாள்: அதே சொல்லை நோயாளி சொன்னால் மூச்சடைப்பு. பக்கத்திலேயே ஒரு பட அகராதி. உடம்பை வரைந்து, ஒவ்வொரு வலிக்கும் ஒரு சொல். இரண்டும் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தன.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"இது இங்கயேதான் இருந்துச்சா அண்ணி?"

"நம்மள மாதிரி ஆளுங்க தொட்டா அழுக்காயிடும்னு பூட்டி வெச்சிருக்காங்க."

"அந்தம்மா போயிருந்தா, இந்தக் கண்ணாடியத் துடைச்சு அழகு பாத்திருப்பாங்களா? அப்படியே சொல்லுங்க அவங்ககிட்ட!"

"வாய மூடு. என் வேலையும் சேந்து போயிடும்."

அவளே திரும்பினாள். தெரிந்த சொற்களை வாரியெடுத்து வீசினாள். "புத்தகம் பூட்டு. அம்மா சாவு. நீ வெட்கம்!" இலக்கணம் கந்தல். ஆனால் மேற்பார்வையாளருக்கு ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை, முகம் சிவந்துபோனது. அவள் இரண்டு புத்தகங்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள். யாரும் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவை செவிலியர் மேசையில் கிடந்தன. அவசரத்துக்கு அண்ணி தந்த சின்னது, சந்தேகத்துக்குத் தடித்தது. பேச முடியாதவர்கள் படத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

அடுத்த வாரம் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போடுமுன் சொல் சொல்லாகத் தேடிப் படித்தாள். 'ஊழியரின் கவனக்குறைவு' என்றிருந்ததில் 'ஊழியரின்' என்பதைப் பேனா தாளைக் கிழிக்கும்படி அடித்து, 'அலுவலகத்தின்' என்று எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.